பாக்கியரத்தினனார் கண்ணீருக்குப் படையெடுத்த படலம்

வாழ்க பாக்கியரத்தினனாரின் கண்ணீர்! இன்னும் ஒரு துளிகூட வந்தபாடில்லை என்றாலும், எப்படியும் வரும் என்று நம்பி முன்கூட்டியே வாழ்த்திவைக்கிறோம், வாழ்க! ஆழ்கடல் சூழ்ந்த திருகோணமலையில், உட்துறைமுக வீதியிலிருந்து கிளைத்து, இரண்டு ஓட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய பேரகலம் கொண்ட ஒழுங்கையிலே, நீலக் கேற்றுப் போட்ட இல்லத்தில் வீற்றிருந்து, இறந்தோர் அனைவரையும் ஒரே பாட்டால் வழியனுப்பிவைத்த பெருந்தகையே! புலம்பற்பேரரசே! இரங்கற்பா இமயமே! தொட்ட மாத்திரத்தில் 'ஐயகோ' என்று தானாகவே எழுதத் தொடங்கிவிடும் எழுதுகோலை ஏந்திய ஏந்தலே! உமது புகழ் பாடவே வாய் திறந்தோம். உமக்கு வயது அறுபத்துமூன்று, இலேசாகச் சீனி வருத்தமென்னும் நீரிழிவும் உண்டு.

துறைமுகத்துப் பண்டகசாலையில் முப்பத்தோராண்டு எழுதுவினைஞராக இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுநாளே கவிஞராகப் பதவியேற்றவர் இவர். பதவியை யாரும் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு அட்டை அடித்து, அதிலே அவருடைய படத்தைப் போட்டு, படத்தின் கீழே நாலு வரி பாட்டும் போட்டு, வந்தவர்களுடைய கையில் கொடுப்பது வழக்கம். அந்த நாலு வரிக்கு இந்த வட்டாரத்தில் ஏகபோக உரிமையாளர் நம் வீரர்தாம். வரிகளோ உலகறிந்தவை:

ஆழ்கடல் அழுததையா, அலையெல்லாம் விம்முதையா,
கோணமலை குனிந்ததையா, குலவிளக்கே போனாயோ!

இரண்டு வரிதானே என்று கேட்காதீர்கள். மிச்சம் இரண்டு வரியும் இதையே திருப்பிப் போட்டது. எட்டாண்டுகளாகச் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும், கிழவருக்கும் குமரிக்கும், வருத்தத்தில் போனவருக்கும் விபத்தில் போனவருக்கும் இதே கடல் அழுதது, இதே மலை குனிந்தது. புடவைக்கடை முதலாளி ஒருவருக்காக விசேடமாகச் சேர்த்த 'பட்டுப்புடவைப் பாரிவள்ளலே' என்ற ஐந்தாம் வரியை வெட்ட மறந்து, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் அட்டையிலும் போகவிட்டு, அந்த அதிபரின் மனைவி சோற்றுக் கரண்டியும் கையுமாக நீலக் கேற்றடியில் வந்து நின்ற வீரவரலாறும் உண்டு. அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட சிங்கத்தின் குகைக்குத்தான், கணவனை அடக்கம் செய்து ஒரு கிழமைகூட ஆகாத சீலா வந்தாள். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரி. அவளுடைய கணவன் பேணாட், பேக்கரிப் பாணை வாசல்வாசலாய் விற்கும் பாண் ஓட்டோ ஓட்டியவர். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பூட்டிய மூன்று சில்லு வண்டியில், விடிய ஒருமுறை சல்லிக் கிராமத்துப் பக்கமும் பின்னேரம் ஒருமுறை டவுன் ஒழுங்கைகளும் என்று பாணும் பணிசும் கொண்டு திரிந்தவர். ஒரு காலை நெஞ்சு நோகுது என்று வண்டியை விட்டிறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான், போய்விட்டார். வண்டி பேக்கரிக்காரருடையது, அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஒழுங்கைக்குப் பாண் வரவில்லை.

பாண் ஓட்டோ என்றால் கூடவே ஒரு மெட்டும் உண்டு என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைக்காரன் ஒருவன் எந்தக் காலத்திலோ பியானோவில் உருகி உருகி இயற்றியதை, எந்தப் புண்ணியவானோ ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து நாட்டிலுள்ள பாண் ஓட்டோக்களின் கூரையிலெல்லாம் மாட்டிவிட்டான். அது 'டிலிங் டிலிங்' என்று தூரத்தில் கேட்டதும் பை தூக்காத கை இந்த ஒழுங்கையில் இல்லை. நம் வீரர் ஒருவர்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டவரல்லர், அது ஏன் என்பதை உரிய இடத்தில் உரியவர் சொல்வார்.

சீலா விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, ஒரு பழைய அடையாள அட்டையை நீட்டினாள்.

"ஐயா, இதைவிட்டா வேற படம் இல்லை. இதில அவரைப் பாத்தா அவர் எண்டு எனக்கே தெரியேல்லை, ஆரோ பொலிசில பிடிபட்ட ஆள் மாதிரி இருக்கிறார். அதாலதான் கேக்கிறன். பாட்டிலயெண்டாலும் அவர் இருக்கட்டும். எல்லாருக்கும் எழுதினதை இவருக்கு எழுதாதேங்கோ. கடல் அழுதது எண்டு போடாதேங்கோ ஐயா, கடலுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவருக்கு நீந்தவும் ஏலாது. வாசிச்சா பேணாட் எண்டு தெரியோணும். எனக்கு அது போதும்."

கேட்டனன் வேந்தன்! எழுந்தனன்! வலக்கரத்தை மின்விசிறி தொடுமளவுக்கு உயர்த்தி, ஒழுங்கையே அதிர முழங்கினார்: "மகளே, அஞ்சற்க! மண்ணகம் இதுவரை கண்டிராத கண்ணீர்க்காவியமொன்றை யாம் இயற்றுவோம்! நும் கொழுநனின் திருவுருவம் எம் எழுத்தினூடே எழுந்து நடக்கும்! இது எம் ஆணை!" சீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள், அவள் அதை நம்பிவிட்டாள்.

மூன்று கிழமை போயிற்று. எழுந்து நடக்கவேண்டிய திருவுருவம் இன்னும் படுக்கையில்தான் கிடந்தது. தாளை விரித்தால் 'ஐயகோ' வருகிறது, அதற்கடுத்துக் கடல் வருகிறது. கடலைத் துரத்தினால் மலை வந்து குனிந்துகொண்டு நிற்கிறது. பேணாட் என்ற மனிதரைப் பற்றித் தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதுதான் நோய் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நம் பேரறிவாளருக்கு விளங்கவில்லை. "சோகம் போதவில்லை," என்று தீர்ப்புச் சொன்னார். மேலைத்தேயத்துப் பெரும் எழுத்தாளர்கள் துயரமான சாஸ்திரிய சங்கீதத்தை ஒலிக்கவிட்டு, மனத்தை இருட்டாக்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களாம். முகநூலில் யாரோ போட்டிருந்தார்கள். தேடிப் பார்த்தால் யூடியூப்பில் கடையே பரப்பி வைத்திருக்கிறார்கள்: எழுதுவோர்க்கான சோக இசை, மூன்று மணித்தியாலம், மேலே மழை வடியும் யன்னலும் மெழுகுதிரியும் போட்ட படம். இதைக் கேட்ட அவருடைய மனைவி அஞ்சலினா, வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"மனிசன் செத்ததுக்கு வராத கண்ணீர், வயலின் வாசிச்சா வந்திடுமோ?"

அற்பர் சொல் அம்பலமேறாதென்று அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நாளோ கடைசி நாள். நாளை மறுநாள் காலை நினைவுத் திருப்பலி. இன்று மாலை ஆறு மணிக்குள் பாட்டு வராவிட்டால் அட்டை அடிக்க ஏலாது என்று அச்சகத்து நௌபர் இரண்டு தரம் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். ஆகவே பகல் இரண்டரை மணிக்கு, நாளும் கோளும் பாராமல், பாக்கியரத்தினனார் போர்க்கோலம் பூண்டார். இடக்கையில் கைத்தொலைபேசி, வலக்கையில் மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உருளை ஸ்பீக்கர், தோளில் வெள்ளைத் தாள்கள், மேசைமேல் பட்டப்பகலில் ஏற்றிவைத்த மெழுகுதிரி, பெருக்கெடுக்கப்போகும் கண்ணீரைத் துடைக்க மடித்து அடுக்கிய லேஞ்சி மூன்று. முதலில் அவர் பாசறை அமைத்தது ஹோலில். பெரிய வயலினை நிலத்தில் குத்தி நிறுத்தி, கழுத்தை அறுப்பதுபோல அறுக்கும் செல்லோ என்ற வாத்தியத்தின் முதல் ஓலம் எழுந்ததுமே அஞ்சலினா குசினியிலிருந்து தலையை நீட்டி, "எனக்குத் தலையிடிக்குது, இதைத் தூக்கிக்கொண்டு வெளியில போங்கோ," என்றாள். தந்திரோபாயப் பின்வாங்கல் என்று அதற்குப் பெயரிட்டு, விறாந்தைக்கு வந்தார்.

கேளுங்கள் முதற்போரை! விறாந்தையில், ஒழுங்கையை நோக்கிப் போட்ட கதிரையில், கண்களை இறுக மூடி, நெற்றியில் இரு விரல் ஊன்றி, வாழ்க்கையில் தனக்கு நேர்ந்த துன்பங்களையெல்லாம், கிடைக்காமற்போன பதவியுயர்வு, உடைந்த முழங்கால், யாரும் வராத தன் கவிதை நூல் வெளியீடு என்று ஒவ்வொன்றாக அழைத்து வரிசையில் நிறுத்தி, செல்லோவின் துணையோடு ஒருவாறு தொண்டையிலே ஒரு கட்டியை உருட்டித் திரட்டிக் கண்ணின் அடிவாரம்வரை ஏற்றிக்கொண்டு வந்த அந்தப் புனித வேளையில், செல்லோ சட்டென்று நின்றது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து சிங்களத்தில் பிஸ்கற் விளம்பரம் பாடினார்கள். கட்டி கரைந்து வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினார். இம்முறை சலவைத்தூள். மூன்றாம் முறை காணி விற்பனை. "பாழாய்ப்போன வாணிகமே! மானுடத் துயரத்தின் குறுக்கே நிற்க உனக்கு என்ன துணிவு!" என்று கைத்தொலைபேசியைப் பார்த்துச் சபித்தார். அது அடுத்த விளம்பரத்தைப் போட்டது.

இரண்டாம் போர் மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது. பக்கத்து வளவில் றுவைஸ் இரும்புக் கேற்றுச் செய்பவர். வயலின்கள் ஒன்றுகூடி விம்மத் தொடங்கிய அதே கணத்தில், அவர் கிரைண்டரைப் போட்டு ஒரு கம்பியை அறுக்கத் தொடங்கினார். அட, எத்தனை பொருத்தம்! செல்லோ எங்கே முடிகிறது, கிரைண்டர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல எந்த வித்துவானாலும் முடிந்திராது. பாக்கியரத்தினனார் பூச்சாடியின் மேலேறி மதிலுக்கு மேலே தலையை உதிக்கச் செய்து, "இரும்பறுக்கும் இளவலே! நிறுத்துக நின் கொடுங்கருவியை! ஈண்டு இன்னிசையின் துணைகொண்டு இலக்கியம் ஒன்று உருவாகின்றது!" என்று கர்ச்சித்தார். றுவைஸ் முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இசையா? நான் நினைச்சன் நீங்களும் கிரைண்டர் வாங்கிட்டீங்களாக்கும் எண்டு. ஆருக்கு சேர் எழுதுறீங்க?"

"பேணாட்டுக்கு."

றுவைஸ் கிரைண்டரைக் கீழே வைத்தார். பிளக்கைக் கழற்றினார், கம்பியை ஓரமாக வைத்தார், அதன்மேலேயே குந்திக்கொண்டார். "அப்ப எழுதுங்க சேர். இண்டைக்கு நான் வேலை செய்யல்ல." தன் குரலின் இடிமுழக்கத்துக்கு அஞ்சியே எதிரி படைக்கலத்தைக் கீழே போட்டான் என்று நம் வீரர் முடிவுகட்டி, மீசையைத் தடவிக்கொண்டே பூச்சாடியிலிருந்து இறங்கினார். இறங்கும்போது பூச்சாடி உடைந்தது.

திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது எதிரி விறாந்தைக்கே ஏறிவிட்டிருந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் டவுனெல்லாம் மேய்வது எங்களுக்குப் புதினமில்லை. ஒன்று திறந்துகிடந்த கேற்றால் வந்து, விறாந்தை மேசையில் பழைய பாட்டே எழுதிக்கிடந்த தாளை முகர்ந்து, 'ஐயகோ' தொடங்கிக் 'குலவிளக்கே' வரைக்கும் நிதானமாகச் சப்பி விழுங்கிக்கொண்டிருந்தது. எட்டாண்டுகளில் அந்தப் பாட்டை முழுதாக உட்கொண்ட ஒரே உயிர் அதுதான். லேஞ்சியை வீசி அதைத் துரத்திவிட்டு அவர் மூச்சு வாங்க அமர்ந்தபோது, நேரம் நாலுக்குக் கால்மணி இருந்தது. தாளில் ஒரு சொல் இல்லை, கண்ணில் ஒரு துளி இல்லை. முதன்முறையாக அவருக்குப் பயம் வந்தது. சீலாவுக்கு என்ன சொல்வது? அந்தப் பொலிஸ் படத்தின் கீழே பழைய கடலையே போட்டுவிட்டால் அவள் எதுவும் சொல்லமாட்டாள், வாங்கி வாசித்துவிட்டுப் பேசாமல் மடித்து வைப்பாள். அதை நினைக்க அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஆகவே இறுதி அத்திரத்தை எடுத்தார். ஸ்பீக்கரின் ஒலியை உச்சத்துக்கு ஏற்றினார். விம்மி முடித்த வயலின்கள் அடங்கின, ஒரு நொடி அமைதி, பிறகு தனித்த ஒரு பியானோ, மெதுவாக, தயங்கித் தயங்கி, இரண்டே சுரங்களை மாறி மாறித் தொட்டுத் தொட்டுத் தொடங்கியது. ஆகா, அதை எப்படிச் சொல்வோம்! இதுவரை செல்லோவும் வயலினும் முட்டி மோதியும் திறவாத கோட்டைக் கதவு, யாரோ பழகிய ஆள் வந்து தட்டியதுபோலத் திறந்துகொண்டது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கோ, எப்போதோ, பாதி நித்திரையில், தூரத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஏதோ ஒன்று நெஞ்சின் அடியில் புரண்டது. மூடிய இமையின் ஓரத்திலே, ஒரு துளி, ஆம் உலகத்தீரே, ஒரு முழுத் துளி, திரண்டது. "இதுவன்றோ மேதைமை! இந்த மேனாட்டுத் துயரத்தைச் சுவைக்க இவ்வூரில் என்னையன்றி எவருளர்!" என்று அவர் உள்ளுக்குள் மார்தட்டினார்.

எவருளரா? கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பியானோவின் நாலாவது சுரத்திலேயே எதிர்வீட்டுக் கதவு திறந்துவிட்டது. நஜ்முன் நிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே துணிப்பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். மதில்மேல் றுவைஸின் தலை முளைத்தது. மேல்வீட்டிலிருந்து ஒருவர் பணிசுக்குத் தட்டோடு இறங்கினார். உள்ளேயிருந்து அஞ்சலினாகூட, வெங்காயக் கத்தியை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய பாண் பையை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்து, ஒழுங்கையின் முனையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கர் அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் பாடிக்கொண்டிருந்தது, அவளும் முனையைத்தான் பார்த்தாள்.

பாக்கியரத்தினனார் கண்ணைத் திறந்தார். தன் வாசலில் மக்கள் வெள்ளம்! எழுந்தார், ஒற்றைத் துளியை எல்லோரும் காணும்படி கன்னத்திலேயே விட்டுவைத்து, இரு கைகளையும் விரித்தார். "வருக, வருக, நுண்ணுணர்வு மிக்க பெருமக்களே! எமது சோகத்தின் காந்தம் நும்மை ஈர்த்ததோ! கேண்மின், கேண்மின், அழுமின்!"

நஜ்முன் நிஸா அவரையும் பார்த்து, ஒழுங்கையையும் பார்த்தார்.

"பாண் எங்க சேர்?"

எவரும் சிரிக்கவில்லை. ஸ்பீக்கர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஒருவர் கையிலிருந்த பை முதலில் தாழ்ந்தது, பிறகு மற்றவர்களுடையதும். நஜ்முன் நிஸா கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ். எனக்கு மறந்தே போச்சு. பேணாட் தம்பி வந்திட்டாரு எண்டுதான் ஓடி வந்தன்." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். "கருகின பாண்தான் எனக்குப் பிடிக்கும். பெட்டிக்கு அடியில எப்பவும் ஒண்டு ஒளிச்சு வைச்சிருப்பாரு. வேற ஆரும் கேட்டா இல்லை எண்டு பொய் சொல்லுவாரு."

"நான் வெல்டிங் பண்ணக்க ஹோர்ன் அடிக்கமாட்டாரு," என்றார் றுவைஸ் மதில்மேலிருந்து. "நான் கண்ணாடியைக் கழட்டுற மட்டும் நிண்டுகொண்டே இருப்பாரு. கை தவறிடும் எண்டு அவருக்குப் பயம்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலினா, கணவனின் பக்கம் திரும்பினாள். இப்போது அவளுடைய குரலில் கேலி இல்லை, சொன்னால் நம்பமாட்டீர்கள், கோபம்கூட இல்லை.

"இது பேணாட்டின்ர வண்டிப் பாட்டெண்டு உங்களுக்கு விளங்கேல்லை என்னப்பா? எப்பிடி விளங்கும்? எட்டு வருசத்துக்கு முன்னம், நீங்கள் பாட்டெழுதத் தொடங்கின புதிசில, கேற்றடியில நிண்டு அவரை ஏசினீங்கள். கவிஞர் குடியிருக்கிற வாசலில இந்தத் தகரச் சத்தம் கூடாது எண்டு. அண்டையிலயிருந்து அந்தாள் மாமரத்தடியில பாட்டை நிப்பாட்டிப்போட்டு, எங்கட வீட்டைச் சத்தமில்லாமத் தாண்டி, அங்கால போய்த்தான் திருப்பிப் போடுறவர். ஒரு நாள் தவறேல்லை. ஐயா எழுதுறார் எண்டு என்னட்டையும் மெல்லமாத்தான் கதைப்பார். நீங்கள் உள்ளுக்குப் படுத்திருப்பீங்கள்."

புலம்பற்பேரரசின் கை விரித்தபடியே நின்றது. பாட்டையாவது நிறுத்துவோம் என்று கைத்தொலைபேசியைத் தடவினார், வியர்த்த கைக்கு அது திறக்கவில்லை, பியானோ ஒழுங்கை முழுக்கப் போய்க்கொண்டேயிருந்தது. அப்போதுதான் கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. ஒழுங்கையின் கடைசியிலிருந்து சீலா வந்துகொண்டிருந்தாள். தலைமயிர் பாதி முடிந்தபடி, கையெல்லாம் ஈரம், காலில் செருப்பில்லை. நீலக் கேற்றுவரை வந்து, மேசைமேலிருந்த ஸ்பீக்கரைக் கண்டதும் நின்றாள். பாட்டு முடிந்து பிஸ்கற் விளம்பரம் தொடங்கியது.

"எங்கட வீடு கடைசி வீடெல்லே," என்றாள் சீலா, ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவள்போல. "பாட்டுக் கேட்டா நான் தேத்தண்ணி ஊத்துறது. அவர் வண்டியை விட்டிட்டு வாறதுக்கும் அது ஆறுறதுக்கும் சரியா இருக்கும். இண்டைக்கும் கை தன்ர பாட்டில ஊத்திப்போட்டுது." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஆரெண்டாலும் வந்து குடியுங்கோ. எனக்கு அதை வெளியில ஊத்த ஏலாமல் இருக்கு," என்றாள்.

அண்டைவீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருக்கும் கால் எழவில்லை. கடைசியில் எழுந்தது பாக்கியரத்தினனாரின் கால்தான், அதை அவருடைய வாழ்க்கையின் ஒரேயொரு வீரச்செயல் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். மெழுகுதிரியையும் மூன்று லேஞ்சியையும் விட்டுவிட்டு, பழக்கதோசத்தில் பேனாவையும் ஒரு தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னாலே ஒழுங்கையில் நடந்தார். சீலாவின் குசினி மேசையில் பித்தளை மூடி போட்ட ஒரு கோப்பை இருந்தது. கதிரையில் அமர்ந்து ஒரு மிடறு குடித்ததும் அவருடைய முகம் கோணியது.

"என்ன பிள்ளை, இவ்வளவு சீனி?"

"மூண்டு கரண்டி. நானும் எவ்வளவோ ஏசிப் பாத்தன் ஐயா, கேக்கமாட்டார். பணிசு விக்கிறவன் சீனிக்குப் பயப்பிடுறதோ எண்டு சிரிப்பார்," என்றாள் அவள். சொல்லி முடித்ததும் சேலைத்தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சீனி வருத்தக்காரர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தார். அழுதாரா என்றால், துடைக்க லேஞ்சி இருக்கவில்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு நௌபர் போன் எடுத்தார். "சேர், பாட்டு வருதா, இல்லாட்டி பழையதையே போடவா?" நம் வீரர் தாளை மேசைமேல் விரித்தார். மாமரத்தடியில் பாட்டு நின்ற கதையை எழுத ஒருகணம் பேனா குனிந்ததுதான், ஆனால் அதை எழுதினால் ஏசியவன் யார் என்றும் எழுதவேண்டிவரும், அதற்கு நம் வீரரிடம் வீரம் போதவில்லை, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 'தேனினும் இனிய' என்று தொடங்கினார், வெட்டினார். 'ஐயகோ' தானாக வந்தது, அதையும் வெட்டினார். அப்புறம், ஆழ்கடல் அழாமல், அலைகள் விம்மாமல், கோணமலை நிமிர்ந்தபடியே நிற்க, செல்லோவும் வயலினும் பியானோவும் நீலக் கேற்றுக்குள்ளே அடைபட்டுக் கிடக்க, எட்டாண்டுகளாய் எதுகையும் மோனையும் அடைமொழியும் அணிவகுத்துவர உலாப்போன அந்த எழுதுகோல், படையையும் குடையையும் கொடியையும் இழந்து, தன்னந்தனியாய், கோப்பை வைத்த ஈரவட்டத்துக்குப் பக்கத்திலே, இறந்தவரின் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஓம், ஓம் என்று தலையாட்ட, எழுத்தெழுத்தாய் எழுதியது:

பேணாட் தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போட்டுத்தான் குடிப்பார்.